பெட்டியும் துளையும்: வீட்டில் செய்த கணினிப் பெட்டியின் காற்றோட்டம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

தச்சு வேலை தெரிந்தவரும் தெரியாதவரும் பிளைவுட்டை அறுத்து, திருகு முடுக்கி, மிச்சமிருந்த வார்னிஷைப் பூசிச் செய்யும் சிறு கணினிப் பெட்டியே இவ்வாய்வின் பொருள். கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் கொண்ட கடைக் கேபினெட்டுகள் இதில் சேரா. அவற்றுக்குத் துளை போடச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பெட்டியின் கொள்ளளவு 10 லிட்டர் எனக் கொள்க. உள்ளே, 2001இல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். அளவில், அதாவது 17 சென்டிமீட்டர் சதுரத்தில், ஒரு மதர்போர்டு. முழு மூச்சில் ஓடும்போது மொத்தக் கருவியும் 100 வாட் இழுக்கிறது எனவும் கொள்க. இழுத்த 100 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே முடியும். உரிமையாளர் வருமான வரிக் கணக்குப் போட்டாரா, பழைய படம் பார்த்தாரா என்று பெட்டி பேதம் பார்ப்பதில்லை.

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே. சூடு வெளியேறும் வழியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். காற்று உள்ளே வரும் வழியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

2. முன்னோர் கொள்கைகள்

இத்துறையில் மூன்று மரபுகள் உள.

முதலாவது, விசிறி மறுப்பு மரபு. இதன் தலைமை ஆசிரியர் ஸ்டீவ் ஜாப்ஸ். விசிறிச் சத்தம் அவருக்கு ஆகாது. 1980இல் வந்த ஆப்பிள் 3 கணினியில் விசிறி கிடையாது. சில்லுகள் சாக்கெட்டிலிருந்து தளர்ந்தபோது, கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுமாறு நிறுவனத் தரப்பிலேயே பரிகாரம் சொல்லப்பட்டது. 1984இன் மேக்கின்டாஷிலும் விசிறி இல்லை. 1985இல் ஜாப்ஸ் வெளியேறினார். 1987இல் மேக்கின்டாஷ் எஸ்.இ.க்குள் விசிறி வந்தது. 1997இல் ஜாப்ஸ் திரும்பினார். 2000இல் வந்த ஜி4 கியூபில் விசிறியைக் காணோம். ஒரே நிறுவனத்துக்குள் இவ்விருவரும் நெடுநாள் சேர்ந்திருக்க முடியவில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. கியூபின் உற்பத்தி 2001 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதற்குக் காரணம் சூடு அன்று, விற்பனை என்பாரும் உளர். அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

இரண்டாவது, மூடி திறப்பு மரபு. இது தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களிலும் டி.டி.பி. கடைகளிலும் தழைத்தோங்கியது. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, பெடஸ்டல் ஃபேனைத் தலையாட்டாமல் நிறுத்தி, குடலை நோக்கித் திருப்பி வைப்பதே இதன் செய்முறை. கடைக்காரர் வியர்க்க, கணினி குளிரும். இதன் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மூடியைத் திறந்தே வைப்பதென்றால் பெட்டி செய்தது எதற்கு என்ற கேள்வி எழும். பெட்டியைச் செய்தவரிடம் அதைக் கேட்பது நாகரிகம் அன்று.

மூன்றாவது, அலங்காரத் துளை மரபு. டிரில் மெஷின் வாங்கிய முதல் வாரத்தில் தோன்றுவது. பெட்டியின் முன்புறத்தில் பூக்கோலம், ஓம், மகளின் பெயரின் முதலெழுத்து முதலிய வடிவங்களில் பன்னிரண்டு சிறு துளைகள் இடப்படும். பின்புறம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் மாட்டப்படும். பிறகும் ஏன் சுடுகிறது என்று உரிமையாளர் இரண்டாவது ஃபேன் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புவார்.

3. கணக்கு

முதலில், துளையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? பொருள் எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கும் என்று நியூட்டன் 1701இல் தம் பெயர் போடாமல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியிருக்கிறார். ஆகவே மூடிய பெட்டியும் ஒரு கட்டத்தில் சமநிலை அடைந்தே தீரும். ஆனால் பிளைவுட் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் சோம்பேறி. 12 மில்லிமீட்டர் பலகைக்குத் தோராயமாகக் கணக்கிட்டால், உள்ளிருக்கும் காற்று அறையைவிட 100 பாகைக்கு மேல் ஏறிய பிறகுதான் அந்தச் சமநிலை வாய்க்கும். அதற்கு வெகு முன்பே கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

அறையைவிட 10 பாகைக்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். 100 வாட்டைச் சுமந்து செல்ல வினாடிக்குச் சுமார் 8.7 லிட்டர் காற்று வேண்டும். 10 லிட்டர் பெட்டியின் காற்று ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை முழுவதுமாக மாற வேண்டும் என்பது இதன் பொருள்.

இனி அலங்காரத் துளைகளுக்கு வருவோம். 6 மில்லிமீட்டர் துளைகள் பன்னிரண்டின் மொத்தப் பரப்பு 3.4 சதுர சென்டிமீட்டர். இதன் வழியே 8.7 லிட்டர் காற்று நுழைய வேண்டுமானால் அது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். புறவழிச்சாலைப் பேருந்தின் வேகம் இது. அவ்வளவு விரைவாகக் காற்றை இழுக்கச் சுமார் 370 பாஸ்கல் அழுத்த வேறுபாடு தேவை. சாதாரணக் கணினி ஃபேனோ 20 பாஸ்கலிலேயே மூச்சுத் திணறும். சத்தம் மட்டும் குறையாமல் வரும், காற்று வராது. இந்நிலையில் இரண்டாவது ஃபேனையும் வெளியேற்றத்துக்கே மாட்டுவது, திறக்காத கதவை இருவர் சேர்ந்து இழுப்பதை ஒக்கும்.

காற்று நிதானமாக, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வர 87 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். அதே 6 மில்லிமீட்டர் துளைகளால் இதை நிறைவேற்ற 300க்கு மேல் போட வேண்டும். கோலம் போதாது, தேர் வடம் வரை வரைய வேண்டியிருக்கும். ஹோல் சா கொண்டு ஒரே பெரிய வட்டமாக வெட்டுவதே அறிவுடைமை.

4. மேலெழு வாதமும் மறுப்பும்

“சூடான காற்று மேலேதான் போகும், ஆகவே மேலே துளை போட்டால் போதும், ஃபேன் எதற்கு?” என்பர் ஒரு சாரார். முற்பாதி உண்மை. பிற்பாதியை அளந்து பார்ப்போம். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியில், உள்ளும் புறமும் 20 பாகை வேறுபாடு இருந்தாலும், எழும் அழுத்தம் 0.2 பாஸ்கல்தான். மலிவான ஃபேன்கூட இதைப் பல மடங்கு வெல்லும். ஃபேன் கீழ்நோக்கி ஊதினால் சூடான காற்று மறுப்பேதும் சொல்லாமல் கீழ்நோக்கியே போகும். மேலே துளை போடுவதில் தவறில்லை. ஆனால் மேல்துளை உள்ள பெட்டியின்மீது யாரேனும் காபி டம்ளர் வைப்பார்கள் என்பதும் இயற்கை விதியே.

5. நுழைவாயிலின் இடமும் பல்லி வரம்பும்

நுழைவாயில் வெளிவாயிலுக்கு எதிர்மூலையில், கீழே அமைதல் வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் வந்த காற்று வந்த சூட்டோடு வெளியேறிவிடும். செயலிக்கு அதன் வாசம்கூடப் படாது.

நுழைவாயில் பெரிதாக வேண்டும் என்று மேலே நிறுவினோம். எதிர்த்திசையில் வரம்பு விதிப்பது பல்லி. வெதுவெதுப்பான, இருளான, யாரும் கைவைக்காத இடம் அதற்குச் சொந்த வீடு. தலையிலும் தோளிலும் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கங்கள் விரிவாகச் சொல்கின்றன. மதர்போர்டின்மீது விழுந்தால் என்ன என்பது விடுபட்டிருக்கிறது. பொருள் நஷ்டம் என்று இவ்வாய்வு அவ்விடத்தை நிரப்புகிறது.

எனவே வாயிலுக்குக் கொசுவலை கட்டுக. வலை காற்றையும் தடுக்கும் என்பதால் வாயிலை இன்னும் பெரிதாக்குக. வெளியேற்றுவதைவிடச் சற்று அதிகமாக உள்ளே தள்ளும்படி ஃபேன்களை அமைத்தால், தூசி வலையோடு நின்றுவிடும். இடுக்குகள் வழியே திருட்டுத்தனமாக நுழையாது. வலையை மாதம் ஒருமுறை தட்டுக.

6. ஊதுபத்திச் சோதனை

ஃபேனின் எந்தப் பக்கம் காற்று வரும் என்பதில் குழப்பம் வேண்டாம். மோட்டாரைத் தாங்கும் கைகள் உள்ள பக்கமே காற்று வெளிவரும் பக்கம். நம்பாதவர் ஊதுபத்தி ஏற்றி வாயிலருகே காட்டுக. புகை உள்ளே இழுபட்டு எதிர்மூலையில் வெளிவந்தால் பாதை உண்டு. முகத்தில் திரும்ப அடித்தால் இல்லை. அறைக்குள் வருவோர் கணினிக்குப் பூஜை நடப்பதாகக் கருதுவர். திருத்த வேண்டாம். ஆயுத பூஜையன்று சந்தனம் வைப்போர் வலையைத் தவிர்த்துப் பலகையில் வைப்பாராக.

7. முடிபுகள்

அ. ஃபேன் எதையும் குளிரச் செய்வதில்லை. காற்றை இடம் மாற்றுகிறது. சித்திரை வெயிலில் அறை 40 பாகை என்றால் பெட்டிக்குள் அதற்குக் குறைவாக எதிர்பார்ப்பது பேராசை.

ஆ. துளைகளின் எண்ணிக்கை காற்றோட்டம் ஆகாது. நுழைவு, பாதை, வெளியேற்றம் மூன்றும் சேர்ந்ததே காற்றோட்டம்.

இ. முதல் ஃபேன் பயன் தராவிட்டால் இரண்டாவது ஃபேன் வாங்குமுன் ரம்பத்தை எடுக்க.

மேலாய்வுக்குரியது ஒன்று. மேசையோடு சேர்த்து ஆசாரி செய்து தரும் கதவு வைத்த ‘சி.பி.யு. அறை’க்குள், இத்தனை இலக்கணமும் பொருந்திய பெட்டியை வைத்து, கதவையும் சாத்திவிடுகிறார்கள். அப்போது மேற்படிக் கணக்கு முழுவதையும் அறைக்காக மறுபடி போட வேண்டும். அதைச் செய்யத் துணிவோர், மேசைக்கு யார் பணம் கொடுத்தார் என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.