சிசியில் வீற்றிருக்கும் பெரியோர்களே!

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. சிசி போடுவார்கள்.

"சென்ற வாரம் கேட்ட பில் இன்னும் வந்து சேரவில்லை. தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று ஸ்டோர்ஸ்காரருக்கு ஒரு மெயில் போகும். அதில் கோபமாக ஒரு சொல் இருக்காது. ஆனால் மேலே சிசி கட்டத்தில் ஜிஎம்மின் பெயர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டோர்ஸ்காரர் மெயிலைப் படிக்கவே மாட்டார். மேலே பார்த்த மாத்திரத்தில் எழுந்து வந்துவிடுவார். "ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? ஜிஎம்முக்கு சிசி போடுற அளவுக்கு நான் உனக்கு என்னய்யா கெடுதல் பண்ணேன்?"

மின்னஞ்சல் நாகரிகம் பற்றி வகுப்பெடுப்பவர்கள் உள்ளே என்ன எழுத வேண்டும், எப்படி முடிக்க வேண்டும், எங்கே கமா போட வேண்டும் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். உள்ளே எழுதுவதை யார் அவ்வளவு ஊன்றிப் படிக்கிறார்கள்? பகை, உறவு, பதவி உயர்வு, பழி தீர்த்தல் எல்லாம் மேலே இருக்கும் மூன்று கட்டங்களிலேயே முடிந்துவிடுகின்றன: டூ, சிசி, பிசிசி. உள்ளே இருப்பதெல்லாம் அதற்குப் பின்னணி இசை.

சிசி என்பது கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வெள்ளைத்தாள், கார்பன், தாள், கார்பன் என்று அடுக்கி, உருளையில் செருகி, விரல் வலிக்க அடித்தால் நாலைந்து நகல் வரும். கடைசி நகலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த்தான் படிக்க முடியும். ஆகவே முதல் தாள் யாருக்கு, மங்கலான தாள் யாருக்கு என்பதிலேயே நிர்வாகத்தின் படிநிலை தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், டைப்பிஸ்ட் அக்கா கேட்கும் கேள்வி. "இவருக்கும் அவசியம் போகணுமா சார்? இன்னொரு கார்பன் வெக்கணும், எழுத்து விழாது." அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பேர் நகலில் இருந்து தப்பித்தார்கள். இன்றைக்கு நூறு பேருக்கு அனுப்பினாலும் நூறாவது ஆளுக்கும் எழுத்து பளிச்சென்று விழுகிறது. கேட்பதற்கு அக்காவும் இல்லை.

இதற்கு மின்னஞ்சலைக் குற்றம் சொல்லக்கூடாது. சிசி நம் ரத்தத்தில் ஊறியது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதுபவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்பது விஷயம். அதற்குக் கையெழுத்துக்குக் கீழே 'நகல்' என்று ஒரு பட்டியல்: மாவட்ட ஆட்சித் தலைவர், முதலமைச்சரின் தனிப்பிரிவு, மேதகு ஆளுநர், மாண்புமிகு குடியரசுத் தலைவர். அந்த நகல்கள் தபாலில் சேர்க்கப்படுமா என்பது வேறு விஷயம். டெல்லியில் குடியரசுத் தலைவர் பல்பு மாட்ட வரமாட்டார் என்பது மனுதாரருக்கும் தெரியும், மனுவை வாங்குபவருக்கும் தெரியும். ஆனாலும் வாங்குபவரின் கண் முதலில் போவது அந்தப் பட்டியலுக்குத்தான்.

எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு நாள் தண்ணீர் கேன் காலியாகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அட்மின் பிரிவுக்கு இரண்டே வரியில் எழுதினாள்: மூன்றாம் மாடியில் கேன் காலி, மாற்றித் தரவும். மின்னஞ்சல் இலக்கணத்தின்படி அப்பழுக்கில்லாத மெயில். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னம்மா இப்படி மொட்டையா அனுப்புற? அட்மின் மேனேஜரை சிசில போடு."

"அவர் எதுக்குண்ணா? கேன் மாத்துற தம்பிகிட்டதானே சொல்லணும்?"

"தம்பிக்கு மெயில் ஐடி கிடையாதும்மா."

மேனேஜர் சிசியில் சேர்க்கப்பட்டார். அவர் பர்ச்சேஸைச் சேர்த்து, சப்ளை ஏன் தடைபட்டது என்று கேட்டார். பர்ச்சேஸ், சப்ளையருக்குப் போன மாதப் பணமே போகவில்லை என்று அக்கவுண்ட்ஸைச் சேர்த்தது. அக்கவுண்ட்ஸ், பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பு என்று சொல்லி, தன் தரப்பு நியாயத்துக்குத் துணையாக ஆடிட்டரைச் சேர்த்தது. ஊழியர் நலன் என்பதால் ஹெச்ஆர் தானாக வந்து சேர்ந்தது. நடுவில் யாரோ பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்ட, கணினி மீதியை நிரப்பி, கோவைக் கிளையில் அதே பெயருள்ள இன்னொருவரை உள்ளே இழுத்துவிட்டது. அவர் தங்கமான மனிதர். "எங்கள் கிளையில் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது, விசாரித்தமைக்கு நன்றி" என்று எல்லாருக்கும் பதில் போட்டார்.

நாலு மணிக்கு வழக்கம்போல அந்தத் தம்பி தோளில் கேனோடு வந்து மாற்றிவிட்டுப் போனான். எல்லாரும் தண்ணீர் குடித்தோம். மெயில் மட்டும் நிற்கவில்லை. அதற்குள் யாரோ ஜிஎம்மையும் சிசியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் மதியம் அவர் ஒரே ஒரு சொல்லில் பதில் அனுப்பினார்: "நோட்டட்." அதற்கு அர்த்தம் என்ன என்று மூன்றாம் மாடி முழுக்கப் பட்டிமன்றம். அவர் கோபமாக இருக்கிறார் என்று ஒரு அணி, கார் ஏறும் அவசரத்தில் தட்டியிருப்பார் என்று ஒரு அணி. மெயிலில் குரல் வராது அல்லவா? 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கிண்டலாகச் சில வாக்கியம், நிஜமாகச் சில வாக்கியம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நூற்றுக்கு 78 தடவை எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது 56 தடவை. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 வந்திருக்கும்.

ரிப்ளை ஆல் என்ற பொத்தானை மேசையில் வைத்தவர்கள்கூட அதற்குத் தப்பவில்லை. 1997 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில், 'பெட்லம் டிஎல்3' என்ற பட்டியலில் தன் பெயர் இருப்பதைப் பார்த்த ஒரு ஊழியர், என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அந்தப் பட்டியலுக்கே எழுதினார். அதில் இருந்தவர்கள் சுமார் 13,000 பேர். என்னையும், என்னையும் என்று ஒவ்வொருவராக எல்லாருக்கும் பதில் போட, ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடி மெயில்கள் சுற்றிவந்து சர்வர்கள் படுத்துவிட்டன. உலகத்துக்கே மெயில் சர்வர் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது. 2016 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரு சோதனை மெயில் தவறிப் போய்விட்டது. அதையும் பெரிதாக்கியது 'தயவுசெய்து யாரும் ரிப்ளை ஆல் போடாதீர்கள்' என்று ரிப்ளை ஆல் போட்ட பொறுப்புள்ள குடிமக்கள்தான். கல்யாணப் பந்தியில் "யாரும் கத்தாதீங்க!" என்று கத்துகிற பெரியப்பா எல்லா நாட்டிலும் இருக்கிறார்.

பிசிசி இன்னும் நுட்பமானது. டூவிலும் சிசியிலும் இருப்பவர்களின் பெயர் மெயிலோடு சேர்ந்தே பயணம் செய்யும். பிசிசியில் இருப்பவரின் முகவரி, சர்வர்களுக்குள் கைமாறும் உறையில் மட்டும் இருக்கும். உள்ளே இருக்கும் கடிதத்தில் இருக்காது. சம்பந்தமில்லாத முந்நூறு வாடிக்கையாளர்களுக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் காப்பதற்கு இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் எங்கள் ஊர் அலுவலகங்களில் இந்தக் காரியத்துக்கு எல்லாரையும் சிசியில் போடுவார்கள். பிசிசியை ஒட்டுக் கேட்பதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். "சார், அவன்கிட்ட நான் என்ன கேட்டிருக்கேன்னு நீங்களே பாருங்க" என்று மேலாளரை பிசிசியில் ஒளித்துவைப்பது. அந்த மேலாளர் சும்மா இருந்தால் சரி. அவர் உணர்ச்சிவசப்பட்டு ரிப்ளை ஆல் அழுத்தி "வெல் செட்!" என்று பாராட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யார் ஒளித்துவைத்தது என்று யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதப்படாத விதிகள் என்று நாம் நினைப்பவற்றில் பாதி எப்போதோ எழுதப்பட்டாகிவிட்டன. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹேம்பிரிட்ஜ் தொகுத்து 1995 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணத்தில் அவை இருக்கின்றன. முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவதுபோல் இருக்கும் என்பது அதில் ஒன்று. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் கிடையாதே, தமிழில் எழுதினால் கத்தவே முடியாது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். சிவப்பு நிறம் இருக்கிறது, போல்டு இருக்கிறது, மஞ்சள் பட்டை அடிக்கும் வசதி இருக்கிறது. எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவின் ஆண்டு இறுதி மெயில் திருவிழா நோட்டீஸ் மாதிரியே வரும். கையொப்பம் நாலு வரிக்கு மேல் போக வேண்டாம் என்பது இன்னொரு விதி. எங்களுக்கு வரும் மெயில்களில் உள்ளே "ஓகே சார்" என்று இருக்கும். கீழே பதவி, இரண்டு கைபேசி எண், கம்பெனி வாங்கிய விருது, மரத்தைக் காப்பாற்றச் சொல்லும் வேண்டுகோள், இது உங்களுக்கு வந்ததல்ல என்றால் உடனே அழித்துவிடும்படி ஒரு வக்கீல் நோட்டீஸ்.

தலைப்பு வரியைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். அரசாங்கக் கடிதத்தை எவ்வளவு கிண்டல் செய்தாலும், 'பொருள்' என்று ஒரு வரி, 'பார்வை' என்று ஒரு வரி போட்டு, எதைப் பற்றி, எந்தக் கடிதத்தின் தொடர்ச்சி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். நம் ஆட்களுக்குப் புதிய மெயில் திறக்கச் சோம்பல். கடைசியாக நீங்கள் அனுப்பியதைத் தேடி எடுத்து அதற்கே பதில் அடிப்பார்கள். 'ஹேப்பி பொங்கல்' என்ற தலைப்பில் ஆகஸ்டில் டிடிஎஸ் சான்றிதழ் கேட்டு வரும். நாமும் மூன்று நாள் கழித்துத்தான் திறப்போம். அதற்குள் 'ஜென்டில் ரிமைண்டர்' வந்திருக்கும், சிசியில் மேலாளரோடு.

வெளிநாட்டு மெயில்களில் வேறு சங்கடம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவத்தில் தமிழன் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டு நிரப்பிவிடுகிறான். அதிலிருந்து ஐரோப்பாக்காரர்கள் பணிவாக மிஸ்டர் போட்டு அப்பாவை அழைத்தே எழுதுகிறார்கள். ஈரோட்டில் ரிடையராகி நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் என் தந்தையாரிடம் டென்மார்க்கிலிருந்து வருடக்கணக்காக இன்வாய்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிலுக்கு நம் பக்கத்திலும் குழப்பம்தான். அறுபது வயது அமெரிக்கரை வெறும் பெயர் சொல்லி அழைக்கக் கை வராமல் "ஹாய் பாப் சார்" என்று எழுதுவார் எங்கள் சீனியர். பாப் அதை ரசித்துத் தானும் "சார்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். இருவரும் மாறி மாறி சார் போட்டு ஒப்பந்தமே முடிந்தது.

கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு கழித்து அனுப்புங்கள் என்கிறது அந்த 1995 ஆவணம். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க அதிகபட்சமாக 30 விநாடி தருகிறார்கள். டிகாஷன் இறங்கக்கூட அது போதாது, நம் ஆட்களின் கோபம் எங்கே இறங்குவது? அதனால் நான் டூ கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டுதான் எழுத ஆரம்பிப்பேன். முழுவதும் எழுதி, கோப்பை இணைத்து, ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, அப்புறம்தான் முகவரி. முகவரி இல்லாத மெயில் எங்கேயும் போகாது. எனக்குத் தெரிந்தவரை இந்த ஒரு வழியில்தான் கணினி மனிதனுக்குக் கட்டுப்படுகிறது.

போன மாதம் எங்கள் ஸ்டோர்ஸ்காரர் ரிடையரானார். கம்பெனி முழுவதுக்கும் விடைபெறும் மெயில் அனுப்பினார். தெரிந்தோ தெரியாமலோ மனம் புண்படும்படி நடந்திருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று எழுதியிருந்தார். நாள் முழுக்க ரிப்ளை ஆல் மழை. ஸ்டோர்ஸில் ஸ்டேப்ளர் பின் கேட்டு நாய்படாத பாடு பட்டவர்கள்கூட "மிஸ் யூ சார்" என்று உருகினார்கள். கோவைக் கிளையிலிருந்து அந்தத் தங்கமான மனிதரும் வாழ்த்தினார். மாலை ஐந்து மணிக்கு ஐடி பிரிவிலிருந்து அதே மெயிலில், எல்லாருக்கும், ஒரு பதில் வந்தது: "டியர் சார், லேப்டாப் சார்ஜர் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. ஆவன செய்யவும்." சிசியில் ஜிஎம்.

இரண்டே நிமிடத்தில் அவர் பதில் வந்தது, அதுவும் எல்லாருக்கும். "காலையிலேயே ஒப்படைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட ரசீது இணைப்பில்."

இணைப்பு இல்லை.