யாரங்கே, விளக்கை அணை!

தை அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலையில் நட்சத்திரம் பார்க்கக் கூடும் கூட்டத்துக்கு மேகம் எதிரியல்ல. வடகிழக்குப் பருவமழை அதற்குள் மூட்டை கட்டியிருக்கும். நிலாத் தொல்லையும் இல்லை. எதிரி, கூட வந்தவர்கள்தான்.

இடத்தைக் குறை சொல்ல முடியாது. இதே மலையில், காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே நிற்கிறது. அவர்கள் தேடிப் பிடித்த இருட்டில் நாங்களும் ஓரமாக ஒண்டிக்கொள்கிறோம், சாமை அறுத்த ஒரு கொல்லையில்.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது வேண்டும். வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. சிவப்பு ஒளி அவ்வளவாகக் கெடுக்காது என்பதால் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வரச்சொல்லி உத்தரவு. போட்டவர், அமைப்பாளரான ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

எல்லோரும் பொறுமையாக உட்கார்ந்து, வானம் மெல்லப் பொரிந்து வரும் நேரம் பார்த்து ஒருவருக்குக் குளிரும். குரங்குக் குல்லா காரில் இருக்கும். கதவைத் திறந்தால் உள்விளக்கு. பூட்டினால் நான்கு இண்டிகேட்டரும் கண்ணடிக்கும். "லைட்டை அணைங்கய்யா!" என்று வாத்தியார் அலறுவார். அலறியது யார் என்று பார்க்க மூன்று பேர் செல்போன் டார்ச்சை அடிப்பார்கள்.

இந்த முறை ஓரியன் நெபுலாவைக் காட்டினார். "1,300 ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறக்கிற இடம்" என்று சொல்லும்போதே அவருக்குத் தொண்டை அடைத்தது. குனிந்து பார்த்த இளைஞர், "சார், சாம்பல் பூத்தாப்ல இருக்கு. கலர் எங்கே?" என்றார். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமராவுக்குத்தான் பிடிபடும் என்று விளக்கினார் வாத்தியார். "அப்படியா?" என்ற இளைஞர், அங்கேயே செல்போனைத் திறந்து கலர் படத்தைத் தேடினார். முழு வெளிச்சத்தில். மறுபடி அலறல்.

தெற்கே அகத்தியர் ஜொலித்துக்கொண்டிருந்தார். லண்டன்காரர்களுக்கு ஒருநாளும் உதிக்காத நட்சத்திரம். இங்கே உதித்தும் ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை, போண்டா வந்துவிட்டது.

கடைசியாகத் திருவாதிரை. "அந்தச் சிவப்பு நட்சத்திரம்தான். முதுமைக் கட்டத்துல இருக்கு. 2019 கடைசியில் திடீர்னு மங்கினதும், வெடிக்கப்போகுதுன்னு ஊரே பரபரப்பாச்சு. பார்த்தா, அது கக்கின தூசியே அதை மறைச்சிருக்கு. வெடிக்க இன்னும் லட்சம் வருஷம்கூட ஆகலாம்" என்றார் வாத்தியார்.

பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னார்: "இவரும் திருவாதிரைதான். லட்சம் வருஷமெல்லாம் காத்திருக்க வேண்டாம். யாராவது ஒரு லைட்டைப் போடுங்க, போதும்."