வாளியாருக்குப் பொன்னாடை

நம் ஊரில் யாருக்குத்தான் பாராட்டு விழா எடுக்கவில்லை? கட்சி மாறியவருக்கு எடுத்தோம். மாறிவிட்டுத் திரும்பி வந்தவருக்கும் எடுத்தோம். அதனால் கூசாமல் கேட்கிறேன்: எண்ணூர் கடற்கரையில் மேடை போட்டு வாளிக்கு ஒரு விழா எடுக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் வாளிதான். நம் கடற்கரைகளைக் காக்கும் ஆக நவீனக் கருவி அது.

சந்தேகமா? 2017 ஜனவரி 28 விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் முட்டிக்கொண்டன. எண்ணெய் மாசு ஏதுமில்லை என்று துறைமுகம் முதலில் அறிக்கை விட்டது. எண்ணெய்க்கு அறிக்கை படிக்கத் தெரியாது, கரை ஒதுங்கிவிட்டது. எர்ணாவூர் பாரதியார் நகரில் பாறை இடுக்கெல்லாம் தார்போல் கட்டிக்கிடந்ததை உறிஞ்ச, சாக்கடை அடைப்பு எடுக்கும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். குழாய் திணறியது. அப்புறம்தான் வாளியார் வந்தார். மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடலோரக் காவல் படையினர் எல்லோரும் வரிசை கட்டி நின்று, பந்தியில் சாம்பார் வாளி கைமாறுவதுபோல் மாற்றி மாற்றி அள்ளினார்கள். கொட்டியது 196 டன் என்று பிற்பாடு கணக்கு வந்தது.

எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கத் தேசியத் திட்டம் ஒன்று 1996 முதல் இருக்கிறது. 700 டன் வரைக்கும் துறைமுகமே சொந்தக் கருவிகளோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. கருவி என்று எழுதிய அதிகாரி வாளியை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரோ என்னவோ.

கிட்டத்தட்ட ஏழு வருஷத்தில் தொழில்நுட்பம் வளராமலா போகும்? வாளியோடு மக்கும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது ஆலை. (புயலுக்குப் பயந்து எண்ணெய் தானாக வீட்டைவிட்டு ஓடியிருக்கும்.) குப்பத்து மீனவர்கள் வலை போட வேண்டிய படகில் ஏறிப் போய், மக்கில் மொண்டு பேரலில் ஊற்றினார்கள். பிழைப்பைக் கெடுத்த எண்ணெயை அள்ளுவதுதான் அந்த மாதம் பிழைப்பு. தோல் அரித்தது, கண் எரிந்தது. கூழைக்கடாக்கள் கறுப்புச் சட்டை போட்டு நின்றன. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அந்த முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் தடவிப் பிழைத்தவர்கள் அதைச் செலவழிக்கத் தெரியாமல் திண்டாடியிருப்பார்கள்!

வாளியாருக்கு ஒரு தம்பியும் உண்டு, சல்லடையார். 2025 மே 25-இல் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் தாண்டிக் குமரிக் கரைக்கும் வந்தன. ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, மணலில் எண்ணி மாளாது. 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் குருணையைச் சலித்தவரும் இவரே. வெளிநாட்டு அனுபவம் உள்ளவர், மரியாதையாக நடத்துங்கள்.

இப்படி அள்ளுவதற்கும் சலிப்பதற்கும் மேடையில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சமூகப் பங்கேற்பு. ஆலை லாபத்தில் பங்கு கேட்டால் சமூக விரோதி. ஆலைக் கழிவில் பங்கு கொடுத்தால் சமூகப் பங்கேற்பு. துப்பியவன் குளிர்சாதன அறையில் இருப்பான், துடைப்பவனுக்கு நற்சான்றிதழ் தருவான்.

வருஷா வருஷம் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை நாள். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. அங்கே முதல் வேலையே பொறுக்கிய ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிவைப்பதுதான்; எது, எத்தனை என்று தெரிந்தால்தானே எங்கிருந்து வந்தது என்று தேட முடியும்? நாம் பனியனை எடுத்துக்கொண்டோம், அட்டையை விட்டுவிட்டோம். தூய்மைக்கு ஃபிளெக்ஸ் பேனர், தொண்டர்களுக்கு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், ஒன்பது மணிக்கெல்லாம் டிபன்.

இந்த செப்டம்பரிலும் கூப்பிடுவார்கள். போங்கள். பனியனையும் வாங்கிக்கொள்ளுங்கள். மைக் கைக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கொட்டினவனிடம் அள்ளுகூலி வாங்கியாச்சா?