வளைவு மத்தியஸ்தர்

ஊவா மலைப்பாதையில் இரண்டு வாகனங்கள் உராய்ந்த சத்தம் அடங்குமுன் அந்த இடத்தில் வந்து நிற்பவர் வளைவு மத்தியஸ்தர். பதுளை–பசறை, ஹாலிஎல–பண்டாரவளை, எல்ல–வெல்லவாய பாதைகளில் இவர் பரவலாகக் காணப்படுகிறார். மழைக்காலத்திலும் தீபாவளிக்கு முந்திய கிழமையிலும் தொகை கூடும். வயது நாற்பத்தைந்துக்கு மேல். சாரம், ஸ்வெட்டர், சட்டைப்பையில் ஒரு பேனை. பழைய கணக்கப்பிள்ளையாகவோ, தோட்டக் கமிட்டித் தலைவராகவோ, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டராகவோ இருப்பார். வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சபை கூட முறைப்பாடு வேண்டும், திகதி வேண்டும், இரு தரப்பும் வேண்டும். இவருக்கு ஒரு ஹெட்லைட் உடைந்தால் போதும்.

இவரது முதல் வேலை தீர்ப்புச் சொல்வது. விசாரணை பிறகு நடக்கும். "ஏறுற வண்டிக்குத்தானே வழி குடுக்கணும்? எறங்குறவருக்கு என்னா அவசரம்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். இறங்கி வந்தது பெரிய துரையின் ஜீப் என்று தெரிந்தால் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உண்மையில் அந்த நேரத்தில் பிழை யாருடையது என்று யாரும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. சாரதி அவசரப்பட்டுப் பழியை ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சாரதியிடம் கேட்பது வேறு: வண்டியை நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பெயர் விலாசம் கொடுக்க வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். கூட்டத்தைக் கண்டு பயந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் சின்ன வழக்கைப் பெரிய வழக்காக்குகிறார்.

இரண்டாவது வேலையில் இவரை மிஞ்ச ஆளில்லை. பக்கத்திலுள்ள சவுக்கு மரத்தில் இரண்டு கிளைகளை முறித்து, வளைவுக்கு அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் ஒன்று என்று பையன்களிடம் கொடுத்து அனுப்புவார். கிளையைப் பாதையில் போட்டுவிட்டு அங்கேயே நின்று கையைக் காட்ட வேண்டும் என்பது கட்டளை. பனிமூட்டத்தில் ஹோர்னை நம்பி இறங்கும் பஸ்ஸுக்கு அந்தப் பச்சைக் கிளைதான் முதல் தகவல். அதற்குள் சாரதி என்ஜினை நிறுத்தி, நான்கு சிக்னல் விளக்குகளையும் போட்டுவிட்டால் இரண்டாவது விபத்து நடக்காது.

மூன்றாவது, காயப்பட்டவரைத் தூக்குவது. இங்கே மத்தியஸ்தரின் நல்ல மனமே ஆபத்து. "ஒராள் தலயப் புடி, ரெண்டு பேர் கால புடிங்க, லொறியில போடு!" இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. அம்பியூலன்ஸ் எட்டிப் பார்க்காத காலத்தில், கொழுந்து ஏற்றிய தோட்ட லொறிதான் காயக்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றியது. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்தபோதும் அயலவர்கள்தான் ஓடிப்போய் இறங்கினார்கள். அந்தத் துணிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டி தீப்பிடிக்கவோ பள்ளத்தில் சரியவோ போவதாக இருந்தால் தவிர, கழுத்திலும் முதுகிலும் அடிபட்டவரை அசைக்கக்கூடாது. இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990ஐ அழைக்க வேண்டும். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்பியூலன்ஸ் அது, காசு வாங்குவதில்லை.

அழைப்பை மத்தியஸ்தர் கையில் எடுத்தால் இடத்தை இப்படிச் சொல்வார்: "மாரியம்மன் கோயில் தாண்டி, பழைய ஸ்டோர் வளைவு, சுப்பையா கங்காணி வீட்டுக்கு மேல." மறுமுனையில் இருப்பவர் சுப்பையா கங்காணியை அறியாதவர். பாதையின் பெயர், கட்டை எண், கிட்டிய டவுன் மூன்றும் சொன்னால் போதும்.

வண்டி வரும்வரை பிளேன்டீ வரும். சீனி கூடப் போட்டு, "குடிங்க, பயம் தெளியும்" என்று இரத்தம் வழிகிறவரிடமே நீட்டுவார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் அவருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதற்கு அந்த பிளேன்டீ இடைஞ்சலாகும். அதைப் பக்கத்தில் நடுங்கி நிற்கும் காயமில்லாத சாரதிக்குக் கொடுக்கலாம். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் டொக்டரிடம் காட்டுவதே சரி.

நான்காவது கட்டம் பேரம். மத்தியஸ்தர் முதலில் வண்டிகளை ஓரமாக எடுக்கச் சொல்வார். பின்னால் பஸ்கள் வரிசையாக நிற்பதால் எல்லோரும் அதை ஆமோதிப்பார்கள். காயம் யாருக்கும் இல்லையென்றால் எடுக்கலாம், ஆனால் அதற்கு முன் படம் பிடித்துவிட வேண்டும்: இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், கட்டை. காயமிருந்தால் பொலிஸார் வந்து அளக்கும்வரை வண்டிகள் நிற்பதே முறை.

பிறகு இருவரையும் தனித்தனியே ஓரமாகக் கூட்டிப்போய்த் தொகை பேசுவார். உடைந்தது சைட் கண்ணாடிதான். ஆனால் விலை, கட்டவேண்டியவர் கையிலுள்ள போனைப் பார்த்து நிர்ணயிக்கப்படும். "இன்சூரன்ஸ், கோடு, கச்சேரின்னு அலைய ஏலாது தம்பி. இங்கயே முடிச்சிக்குவோம்." முடிந்ததாக நினைத்துக் காசைக் கொடுத்தவர், மறுநாள் கராஜில் ரேடியேட்டரும் போய்விட்டதை அறிவார். அப்போது காப்புறுதிக் கம்பனியைக் கூப்பிட்டால் முதலில் வரும் கேள்வி, ஏன் அங்கேயே சொல்லவில்லை என்பது. காப்புறுதி அட்டையில் இருக்கும் நம்பருக்கு அந்த இடத்திலிருந்தே எடுத்தால் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துப் படம் பிடிப்பார். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்குத் தன் வண்டிச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. அவரும் எதிர்த்தரப்புக்காகக் கம்பனிக்கு அறிவிக்கவே வேண்டும். காயம் பட்ட விபத்தைக் காசு கொடுத்துப் பாதையோரத்தில் முடிக்க முடியாது.

ஐந்தாவது, பொலிஸ் நிலையம். மத்தியஸ்தர் அங்கும் வருவார், சிங்களம் பேசத் தெரிந்தவர் என்பதால். சாரதி, "மழ ஐயா, வளைவுல பஸ் வந்திச்சி, பிரேக் புடிச்சேன், ஈரத்துல வழுக்கிருச்சி" என்பார். மத்தியஸ்தர் நேரத்தை மிச்சம் பிடித்து, பிரேக் பிடிக்கவில்லையாம் என்று சுருக்கிச் சொல்லிவிடுவார். வழுக்கிய பாதை இப்படிப் பழுதான வண்டியாகிவிடும். தமிழும் 1987 முதல் அரசகரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். எந்த மொழியில் எழுதினாலும் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காப்புறுதிக்கும் கோட்டுக்கும் அது தேவைப்படும்.

கடைசி, சாட்சி. வழக்கு பதுளை நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சியைத் தேடும்போது, மத்தியஸ்தர் முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசுவார்: "நா போறப்ப எல்லாம் முடிஞ்சிருந்திச்சி ஐயா." இது பொய்யல்ல. சத்தம் கேட்ட பிறகுதான் அவர் வந்தார். தீர்ப்பு மட்டும் முந்திக்கொண்டது. ஆகவே சம்பவ இடத்தில் பெயரும் போன் நம்பரும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது பஸ்ஸுக்குக் காத்து நின்ற டீச்சரிடமும், எதிர்க்கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவரிடமும்தான். எழுதுவதற்கு மத்தியஸ்தரிடம் பேனை இருக்கும், கேட்டால் கொடுப்பார்.