நிற்கத் தெரிந்த வண்டி

தேக்கா உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறுகிறவர்களுக்கு எங்கள் அண்ணனைத் தெரியாமல் இருக்காது. பெயர் வேண்டாம். தமக்குப் புகழ் பிடிக்காது என்று அவரே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் வந்து இறங்குவார். கூரைமேல் மண்வெட்டி, முன்னால் வின்ச், பக்கவாட்டில் சேற்றில் புதைந்தால் சக்கரத்தடியில் போடுவதற்கான தகடுகள். சிராங்கூன் சாலை எந்த நேரத்தில் சதுப்பு நிலமாக மாறும் என்று யார் கண்டது? எங்களுக்கெல்லாம் இல்லாத முன்யோசனை அவருக்கு உண்டு.

அந்த வண்டிக்கு அண்மையில் புது ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார். நாலு வார்த்தை புகழாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சாதாரணக் காரில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அது பின்சக்கரங்களைப் பிடிக்கும். ஊரில் எல்லார் காரிலும் இருப்பது அது. ஆகவே அண்ணனுக்கு ஆகாது. 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்ததிலிருந்தே அந்தக் குடும்பத்தின் வழக்கம் வேறு. கியர்பாக்ஸுக்குப் பின்னால், சுழற்சியை முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வாசலில் ஒரு டிரம் இருக்கும். சக்கரத்தை அது தொடாது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையே பிடித்து நிறுத்தும். டிஃபெண்டரில் ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும்; அதனால் ஷாஃப்டில் பிடிக்கிற பிடி சக்கரத்துக்குப் போகும்போது மூன்றரை மடங்காகிவிடும். சேற்றிலும் ஆற்றிலும் சக்கரத்தின் அடிப்பகுதி முங்கினாலும் பிரேக் மேலே இருக்கும். மலைச்சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறவனுக்கு இது வரம்தான்.

அந்த டிரம்மும் அண்ணனுக்குப் போதவில்லை. ஆயில் சீல் கசிந்தால் டிரம்முக்குள் எண்ணெய் இறங்கிப் பிடி போய்விடும் என்றார். உண்மைதான். சீலை மாற்றினால் தீர்ந்ததே என்று கேட்டவர்களை நான்தான் அடக்கினேன். சீல் மாற்றுவதெல்லாம் சிக்கனக்காரர் வேலை. அண்ணன் டிஸ்க்கும் காலிப்பரும் வரவழைத்தார், பிராக்கெட்டை அளவெடுத்துக் கடைய வைத்தார், பொருந்துகிற போல்ட்டுக்காக ஜாலான் புசார் கடைகளில் மூன்று சனிக்கிழமை அலைந்தார். கேபிள் முதல் தடவை நீளம், அடுத்த தடவை குட்டை. மூன்றாவது கேபிள் சரியாக அமைந்த அன்று எங்களுக்கெல்லாம் தே தாரே வாங்கிக் கொடுத்தார். மூன்றரை மடங்குப் பிடி வேண்டுமென்றால் மூன்றரை மடங்குச் செலவு ஆகத்தானே செய்யும்?

சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று புக்கிட் தீமா. 164 மீட்டர்கூட இல்லை, அதன் உச்சிக்கும் நாமெல்லாம் நடந்துதான் போகிறோம். மலையைப் பார்த்துவிட்டு மலைக்கான பிரேக் போட யாராலும் முடியும். மலையே இல்லாத ஊரில் போடுவதற்கல்லவா மனத்திடம் வேண்டும்! இங்கே சரிவு என்று உள்ளது அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தின் ஏற்றம். அதில் ஏறலாமென்றால் கூரைமேல் இருக்கும் மண்வெட்டி வாசலில் தொங்கும் உயரக் கம்பியில் இடிக்கிறது. பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்கு ஒருமுறை போனார், வண்டியைக் கழுவ. சேறே படாத வண்டியைக் கழுவுகிற தூய்மை எத்தனை பேருக்கு வரும்?

செலவைப் பற்றி முணுமுணுப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள். 1990 முதல் இந்த ஊரில் புதுக் காரைச் சாலையில் இறக்க வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 150,001 வெள்ளிக்குப் போனது. 10 ஆண்டு முடிந்ததும் கடைசி மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டினால் பழைய வண்டியையே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் கட்டினார். வண்டியை ஓட்டும் உரிமைக்காக அத்தனை பணம் கொடுத்துவிட்டு, வாரத்தில் ஆறு நாள் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டுக்கொடுக்கும் தியாகி அவர். அந்த ஆறு நாளும் வீவக புளோக்கின் கீழே வண்டி நிற்கிறது. எஞ்சின் உறங்குகிறது, வின்ச்சின் கயிறு பிரிந்ததே இல்லை. அந்த வண்டியில் முழுநேரம் வேலை பார்க்கும் ஒரே உறுப்பு ஹேண்ட் பிரேக். அதற்குச் செலவழித்ததை வீண் என்று எந்த வாயால் சொல்வது?

அவருடைய சட்டப்பற்றையும் சொல்லியாக வேண்டும். வண்டியில் எதை இஷ்டம்போல் மாற்றலாம், எதற்கு முன்அனுமதி வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. 10 ஆண்டு தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் சோதனையும் உண்டு. சோதனைக்கு முந்தின வாரம் அண்ணன் பழைய டிரம்மைச் சாமான் அறையிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டுவாராம். சோதனை முடிந்த மறுநாள் டிஸ்க் திரும்பிவிடுமாம். சட்டத்தை மதிக்கிறவர்கள் பலர் உண்டு. சட்டத்துக்கென்று தனி உதிரிபாகமே பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

போன மாதம் அந்தப் பிரேக்கின் பெருமையைக் கண்ணால் காணும் பாக்கியம் கிடைத்தது. தேக்கா பக்கம் ஒரு சந்தில் வண்டியின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அண்ணன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், ஜாக்கி வைத்துத் தூக்கினார். பக்கத்தில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தம்பி, “அண்ணே, சக்கரத்துக்கு ஒரு கட்டை வச்சுக்குங்க” என்றான். அண்ணன் சிரித்தார். கட்டை வைப்பது கட்டை வண்டி ஓட்டுகிறவர்களின் பழக்கம்.

ஷாஃப்டைப் பிடித்தாலும் பின்அச்சின் நடுவில், இரண்டு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால், அது அந்தரத்தில் பின்னோக்கிச் சுழல, தரையிலிருக்கும் சக்கரம் முன்னோக்கி உருளலாம். டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டியிருந்தால் முன்சக்கரங்களாவது பிடித்திருக்கும். இத்தனை நுட்பம் அறிந்தவருக்கு அதைப் பூட்டும் சின்ன லீவர் நினைவில் இருக்க வேண்டுமா என்ன? மலையெல்லாம் வேண்டியிருக்கவில்லை, மழைநீர் வடிவதற்காகச் சாலையில் விட்டிருந்த சாய்வே போதுமானதாக இருந்தது. வண்டி நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது. தம்பி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முன்சக்கரத்தடியில் தன் கட்டையைச் செருகினான். யாருக்கும் அடி இல்லை. சாதாரண ஹேண்ட் பிரேக்காக இருந்திருந்தால் தரையிலிருந்த பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும். எங்களுக்கு இந்தக் காட்சி கிடைத்திருக்காது.

சங்க காலத்தில் மன்னன் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்த ஔவையார், பீலி அணிந்து மாலை சூட்டி நெய் பூசி அவை பளபளப்பதைப் பாராட்டினார். அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அண்ணனின் டிஸ்க்கில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. லாரித் தம்பியின் கட்டை நான்கு மூலையும் சிதைந்து, எண்ணெய்க்கறை படிந்து, பார்க்கச் சகிக்காது.

உங்களிடமும் இப்படி ஒரு வண்டி இருந்தால், ஜாக்கியைத் தொடுமுன் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டுங்கள், சக்கரத்தடியில் கட்டை வையுங்கள். கட்டைக்கு ஆணையத்தின் அனுமதியும் தேவையில்லை.