பட்டியலைப் புதுப்பித்துத் தர வேண்டி

பெறுநர்: தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலைப் பேணும் அலுவலகம், வத்திக்கான்.
பொருள்: 1966 முதல் நின்றுபோன சேவையை மீண்டும் தொடங்கக் கோருதல்.
பார்வை: தங்கள் 1948ஆம் ஆண்டுப் பதிப்பு.

மேதகு கர்தினால்களே,

வணக்கம். நான் ஒரு சாதாரண வாசகன். எதைப் படிக்கலாம் என்று யாரைக் கேட்டாலும் தன் நண்பர் எழுதியதைச் சொல்கிறார். தங்கள் அலுவலகம் இயங்கிய நாளில் இந்தத் தொல்லை இல்லை. 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் தொடங்கிய பட்டியலை 1966இல் ஆறாம் பவுல் காலத்தில் முடித்துவைத்தீர்கள். இடைப்பட்ட 400 ஆண்டுகளில் தெக்கார்த்தே, பாஸ்கல், ஹியூம், கிப்பன், காண்ட், விக்டர் ஹியூகோ என்று பொறுக்கியெடுத்துத் தந்தீர்கள். பேராசிரியர்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்தாலும் இப்படியொரு பாடத்திட்டம் வந்திருக்காது.

இதை முதலில் கண்டுகொண்டவன் நானல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தின் முதல் நூலகர் தாமஸ் ஜேம்ஸ், 1627இல் உங்கள் பட்டியல்களைத் தொகுத்து அச்சிட்டார். தன் நூலகத்துக்கு எவற்றையெல்லாம் வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். மளிகைச் சீட்டு மாதிரி. வியன்னாவிலோ பேரரசி மரியா தெரேசாவின் தணிக்கையாளர்கள் தாங்களும் ஒரு பட்டியல் போட்டார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துப் புத்தகம் தேடக் கிளம்பியதும், 1777இல் பட்டியலையே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போகாததற்கு வாசகர்கள் சார்பில் நன்றி.

ஆனாலும் தங்கள் பணியின் உச்சம் என்று நான் கருதுவது கோப்பர்நிக்கஸ் விவகாரம்தான். பூமி சுற்றுவதாகச் சொல்லி 1543இல் வந்த அவர் நூலை 1616இல் நிறுத்திவைத்தீர்கள். தடை என்றல்ல, ‘திருத்தப்படும் வரை’ என்று. நாள்காட்டிக் கணக்குக்கு அந்த ஆள் தேவைப்பட்டாரே! பூமி சுற்றக் கூடாது, ஆனால் ஈஸ்டர் சரியான ஞாயிற்றுக்கிழமையில் வர வேண்டும். 1620இல் திருத்தங்கள் வந்தன. ‘பூமியின் மூவகை இயக்கத்தை நிறுவுதல்’ என்ற பொருளில் இருந்த அத்தியாயத் தலைப்பில் ‘கருதுகோள்’ என்றொரு சொல்லை நுழைத்தீர்கள். கீழே கணக்குகள் அப்படியே இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காய்மேல் ‘இது பூசணிக்காய் என்பது ஓர் ஊகம்’ என்று சீட்டு ஒட்டியவர்கள் நீங்கள்தான்.

இத்தாலியில் பலர் கீழ்ப்படிந்து பேனாவை எடுத்தார்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலான பிரதிகளில் ஒரு துளி மைகூடப் படவில்லை. கலிலியோவும் தன் பிரதியை ஆணைப்படியே திருத்தினார். எப்படித் திருத்தினார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு சிறு குறை. தாங்கள் புத்தகங்களைத் தீயவர்கள் கையிலிருந்து பறித்தீர்கள், சரி. பறித்தவற்றை யாரிடம் கொடுத்தீர்கள்? தங்கள் சொந்தப் படிப்பாளிகளிடம். குற்றம் கண்டுபிடிப்பதற்காக வரி வரியாகப் படி என்று உத்தரவு வேறு. எதிராளிகூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டான். 1820இல் அந்தப் படிப்பு விளைந்தது. ரோமிலேயே வானியல் பேராசிரியராக இருந்த செத்தேலே என்ற பாதிரியார், பூமி சுற்றுவதாகப் பாடநூல் எழுதி அனுமதி கேட்டார். அச்சு அனுமதி வழங்கும் அன்ஃபோசி முடியாது என்றார்: 1616இல் விதித்தது விதித்ததுதான், மாற்ற முடியாதது. அவரை மறுத்து நின்றது எந்த நாத்திகனுமல்ல; விசாரணை மன்றத்தின் அதிகாரி ஒலிவியேரி. இருவரும் ஒரே தொமினிக்கன் சபைத் துறவிகள். அன்ஃபோசி கையில் ஆணை இருந்தது, ஒலிவியேரி கையில் வாதம் இருந்தது. திருத்தந்தை ஒலிவியேரி பக்கம் நின்றார், அனுமதி கிடைத்தது. அதுவரை பட்டியலில் இருந்த கலிலியோவின் ‘உரையாடல்’ நூலும் 1835ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. தங்கள் 1616ஆம் ஆண்டு ஆணையிலிருந்து கணக்கிட்டால் அதற்குள் பூமி 219 தடவை சூரியனைச் சுற்றி முடித்திருந்தது, உரிய அனுமதியின்றி.

தங்கள் தேர்வில் ஓட்டைகளும் உண்டு. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ ஒருபோதும் பட்டியலில் ஏறவில்லை. ஹிட்லரின் ‘எனது போராட்டம்’ ஏறவில்லை. ‘ஏழை படும் பாடு’ என்று நாங்கள் தமிழில் சினிமாவாகப் பார்த்து அழுத ஹியூகோவின் கதை மட்டும் ஏறிற்று. ஒரு ரொட்டித் திருடனைக் கண்டு உங்களுக்கு ஏன் அவ்வளவு பயம் என்று பலநாள் யோசித்திருக்கிறேன்.

ஆகவே, கருணைகூர்ந்து புதிய பதிப்பு ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். தடை செய்யத் தக்கவை என்று யாரேனும் படித்துப் பார்த்துச் சொன்னால்தானே என்னைப் போன்றவர்கள் வாங்க முடியும்? படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், புத்தகங்களைத் திருப்பிக் கேட்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் மாறாத நம்பிக்கையுள்ள
ஒரு வாசகன்

பி.கு.: வரிகளை அடிக்க நேர்ந்தால் கலிலியோ தன் பிரதியில் அடித்த மாதிரி அடியுங்கள். கோடு மெல்லியது, அடியில் இருப்பதை இன்றும் படிக்க முடிகிறது.