வளையம் பற்றவைத்த ரூபாய்

என் ஆயாவின் காசுமாலையில் விக்டோரியா ராணியும் ஏழாம் எட்வர்டும் ஐந்தாம் ஜார்ஜும் வரிசையாகத் தொங்கினார்கள். எந்தத் தலை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் வெள்ளி ரூபாய், அவ்வளவுதான். ஒவ்வொரு காசின் உச்சியிலும் ஆசாரி சின்ன வளையம் ஒன்றைப் பற்றவைத்திருந்தார். கடுக்காயும் புளியும் நல்ல விலைக்குப் போன வருஷம் மாலையில் ஒரு காசு கூடும். சாமை பொய்த்த வருஷம் ஒன்று குறையும். ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே வங்கி அது.

அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. நாட்டு வைத்தியர்கள் ‘ஒரு ரூபாய் எடை’ என்று சரக்கு நிறுத்தது இந்தக் காசை வைத்துத்தான். இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1940-ல் அரசு ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று பழைய ரூபாய்கள் ஒவ்வொன்றாகச் செல்லாதவை ஆயின. 1947-ல் வந்த ரூபாய் முழுக்க நிக்கல். ஆனால் மலைக்குக் கீழே இருந்த அடகுக்கடைகளில் ஆயாவின் காசை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. சட்டம் கைவிட்ட பிறகும் அது எங்களுக்குப் பல ஆண்டுகள் சோறு போட்டது.

நாங்கள் வளர்ந்தது அலுமினியக் காலம். அறுகோண மூன்று பைசா, விளிம்பு நெளிந்த பத்துப் பைசா, தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா. எல்லாம் சந்தையில் சுழன்று, தேய்ந்து, காணாமல் போயின. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் சட்டப்படியும் முடிந்தன.

ஆயாவுக்குப் பிறகு மாலை அக்காவிடம் வந்தது. அவள் மகளின் கல்லூரிச் செலவுக்காக இரண்டு காசுகளைச் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போனோம். வியாபாரி கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்: “காசு நல்ல காசும்மா. வளையம் பத்த வெச்சுட்டாங்களே. இது வெள்ளி எடைக்குத்தான் போவும்.” அவர் மேசையில் அதே ஆண்டு ரூபாய் இன்னொன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அச்சடித்த அன்றைய பளபளப்புக் குறையாதது, யாரும் கழுத்தில் போடாதது. விலை பல மடங்கு.

இந்தச் சந்தையின் கணக்கு எனக்குப் புரிகிறது. 1939-ஆம் ஆண்டு ரூபாய்க்குப் பெரும் விலை, ஏனென்றால் அதில் தப்பிப் பிழைத்தவை மிகக் குறைவு. இன்றைய காசுகளிலும் ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைத் தேடுகிறார்கள்: வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. இதெல்லாம் உண்மையான படிப்பு. சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் நம் நாணய வரலாறு பாதிக்கு மேல் உருக்கும் கொப்பரையில் போயிருக்கும். ஆனால் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக நம்பிப் பிடித்திருந்த தடயத்தைச் சேதம் என்று எழுதுகிற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பற்றும் வரலாறுதான்.

இப்போது நாணயச் சாலைகளே அந்தச் சந்தைக்காகவும் அடிக்கின்றன. தமிழகத்தில் நாணயச் சாலை கிடையாது. சென்னை தங்கசாலையில் இருந்தது 1869-லேயே மூடப்பட்டுவிட்டது. 2006 முதல் நான்கு அரசு நாணயச் சாலைகளும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு அங்கே அடித்து வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நாணயம் 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. பெட்டியில் வைத்து, முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். 2024-ல் வந்த கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே இருக்கிறது. மலையில் ஒரு குழந்தைகூட அதைத் தொட்டுப் பார்த்திருக்காது. அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் அப்படியல்ல. அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு அது எங்கள் மலையின் ஜமுனாமரத்தூர் சந்தைக்கே வந்தது; தேன் விற்ற கையில் அதை நானே பார்த்தேன். ஒருவரை நினைவுகூர நாணயம் அடித்தால் அது அப்படித்தான் நடமாட வேண்டும்.

மலை மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடந்த காசும் உண்டு. 2025 நவம்பரில் எங்கள் மலையிலேயே கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியில் ஒரு மண்கலயத்துக்குள் 103 பொற்காசுகள் கிடைத்தன. அவை அரசிடம் போனது சரி. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைக்குப் பத்து ரூபாய் புதையலின் அளவுகோல்.

இன்றைக்கு அதே பத்து ரூபாயை நாணயமாக நீட்டினால் மலைப் பேருந்திலும் மளிகைக் கடையிலும் வேண்டாம் என்கிறார்கள். மூட்டைப் புளி விற்றுவிட்டுக் கையில் பத்து ரூபாய் நாணயங்களோடு நிற்கும் கிழவியிடம், நோட்டு கொண்டு வா என்கிறார்கள். அதே நேரம் கைப்பேசியில், வைஷ்ணோ தேவி போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் லட்சக்கணக்கில் தருவோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று செய்தி வருகிறது. தன் பெயரில் நடக்கும் இந்த மோசடியை நம்பாதீர்கள் என்று 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே அறிவித்தது. இரண்டு அறிவிப்பையும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், ஜமுனாமரத்தூர் சந்தை வாசலிலும் ஒவ்வொரு பேருந்திலும் ஒட்ட வேண்டும். மறுக்கிற கடைக்காரரிடம் வங்கி அதிகாரி ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும்.